பால் எந்தப் பக்கம் வழிந்தது?

வெஸ்ட்லி, ஒஸ்லோ
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள தம்பி சோதி,

"சூரியனுக்கு நன்றி சொல்லும் பெருநாள் என்கிறீர்கள். சூரியனே வராத ஊரில் இருக்கிறவர்கள் அன்றைக்கு என்ன செய்வார்கள்?" என்று போன கிழமை ஒரு பெண் என்னிடம் கேட்டாள். கரோலினா என்று பெயர். சிறுவர் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி தயாரிப்பவள். என் சமையலறை மேசையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டு கேட்டாள்.

முப்பத்தொரு வருடம் இந்த நகரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் படிப்பித்தவள் நான். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். தெரிந்தும் சொல்ல முடியாமல் பிஸ்கற் தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். பதில் உன்னிடம் இருக்கிறது. நீயும் நானும் கதைத்து ஏழரை வருடமாகிறது.

நான் எடுத்தால் உன் தொலைபேசி வேலை செய்வதில்லை. கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. தபால்காரர் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

விஷயத்தைச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தில் ஏழாம் மாடியில் சாருகா என்று ஒரு பிள்ளை. இரண்டாம் வகுப்பு. போன தை மாதம் லிப்டில் என்னை மறித்தாள்.

"ரீச்சர், ரிவிக்கு எங்கட பொங்கல் தெரியாதோ?"

"ஏன் பிள்ளை?"

"நத்தாருக்கு இருவத்துநாலு நாளும் ஒவ்வொரு கதை போடினம். அமெரிக்காவில வான்கோழி சாப்பிட்டு நன்றி சொல்லுவினமாம், அதையும் போடினம். எங்கடை மட்டும் வாறேல்லை."

லிப்ட் நின்றது. அவள் போய்விட்டாள். நான் மேலும் கீழுமாக இரண்டு தரம் போய்வந்தேன். பிறகு தொலைக்காட்சிக்கு எழுதினேன். நாலாவது கடிதத்துக்குக் கரோலினா வந்தாள்.

அவள் ஒரு தொடர் செய்கிறாள். கொன்ராட் என்று ஒரு வான்கோழிப் பொம்மை. நன்றித் திருநாளுக்குத் தன்னை அடுப்பில் வைத்து வாட்டப் போகிறார்கள் என்று அமெரிக்காவிலிருந்து தப்பி ஓடுகிறது. தன்னைச் சாப்பிடாமல் நன்றி சொல்லும் வீடு உலகத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடுகிறது. நாலு பகுதி. நாலாவதில் அது பொங்கல் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். அரை மணித்தியாலம், நாடு முழுக்க. நான்தான் ஆலோசகர்.

நாட்டின் வடக்கு முனையில், அந்த வார்டோவில், நீயும் மச்சாள் புஷ்பராணியும் எப்படிப் பொங்குகிறீர்கள் என்று எழுது. சுருக்கமாக என்றாலும் போதும்.

அக்கா,
சிவமலர்


வார்டோ
17 ஒக்டோபர் 2024

மதிப்புக்குரிய சிவமலர் ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே தபால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். காற்றடித்தால் அதுவும் இல்லை. பிந்தியதற்கு அது காரணமல்ல. எழுத மனமில்லாமல் இருந்தேன். "பதில் போடாமல் இருந்தால் நாளைக்கு மீன் உங்களுக்கு இல்லை" என்று புஷ்பராணி சொன்னதால் எழுதுகிறேன்.

"கதைத்து ஏழரை வருடமாகிறது" என்று நாசூக்காக எழுதியிருக்கிறீர்கள். ஏன் கதைக்கவில்லை என்பதை எழுத மறந்துவிட்டீர்கள். நான் எழுதுகிறேன். 2017 மாசி. ஒஸ்லோவில் ரொம்மன் மண்டபம் கிடைத்த நாளில் பொங்கல் விழா. மைக் உங்கள் கையில். வடக்கிலிருந்து வந்தவர்களையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். நான் மேடையேறிச் சொன்னேன்: "எங்களுக்குத் தை முதலாந் திகதி வெய்யில் இல்லை. கார்த்திகையில போனது தை ஏழு எட்டிலதான் திரும்பும். அண்டைக்குக் கோட்டையில பீரங்கி வெடிக்கும், பள்ளிக்கூடம் லீவு. நாங்களும் அண்டைக்குத்தான் பொங்குறனாங்கள்." அவ்வளவுதான். நீங்கள் மைக்கை வாங்கி என்ன சொன்னீர்கள்? "வடக்கில இருக்கிறவைக்குக் கலண்டர் போய்ச் சேரேல்லைப் போல. நான் ஒண்டு தபாலில அனுப்பிவிடுறன்."

முந்நூறு பேர் சிரித்தார்கள். நான் மேடையிலிருந்து இறங்கிய பிறகும் சிரித்தார்கள். அதோடு விட்டீர்களா? பத்து நாளில் உண்மையாகவே ஒரு கலண்டரைத் தபாலில் அனுப்பினீர்கள்! ஒவ்வொரு நாளும் தாள் கிழிக்கிற கலண்டர். அது இன்னமும் என் வீட்டுக் குசினிச் சுவரில் தொங்குகிறது. ஒரு தாளும் கிழிக்கவில்லை.

நான் மீன் பக்டரியில் இயந்திரம் திருத்துகிறவன். என்னை உங்கள் வான்கோழிக்குப் பக்கத்தில் நிறுத்தி மறுபடி சிரிக்க வைக்க வேண்டாம். கரோலினாவுக்கு வேறு பதில் சொல்லுங்கள்.

சோதிலிங்கம்

பி.கு.: வான்கோழி கடைசியில் தப்பிவிடுமா? புஷ்பராணி கேட்கிறாள்.


வெஸ்ட்லி
3 நவம்பர் 2024

தம்பி சோதி,

நடக்கப் பழகிய நாளிலிருந்து என்னை "நீ" என்று கூப்பிட்டவன் "நீங்கள்" போட்டு எழுதியிருக்கிறாய். அதை மூன்று தரம் வாசித்தேன். வாங்கிக்கொள்கிறேன்.

கலண்டர் விஷயம் பகிடிக்குச் செய்தது. அதற்கு மேல் இப்போது எழுத வரவில்லை. உன் பெயர் நிகழ்ச்சியில் வராது. வான்கோழி தப்பிவிடும் என்று புஷ்பராணிக்குச் சொல்.

ஆனால் பொங்கல் தப்புமா என்பதுதான் போன கிழமை எனக்கு வந்த பயம். கதைவசனம் எழுதி அனுப்பினார்கள். வாசித்துக்கொண்டு போகிறேன், எல்லாம் வடிவாக இருக்கிறது. பால் பொங்கி வருகிறது. உடனே கொன்ராட் "ஐயோ, விபத்து!" என்று கத்துகிறது. ஹன்னா ஓடிவருகிறாள், அவள்தான் நிகழ்ச்சியை நடத்துகிற பெண். அடுப்பை அணைக்கிறாள். கடதாசியால் துடைக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அடுப்பில் பால் வைத்தால் பக்கத்தை விட்டு நகரக் கூடாது என்று பிள்ளைகளுக்கு ஒரு புத்தி. காட்சி முடிந்தது!

கரோலினாவை வீட்டுக்குக் கூப்பிட்டேன். கோபிக்கவில்லை. ஒரு பிள்ளை ஏழையும் எட்டையும் கூட்டிப் பதினாறு என்றால் கோபிப்போமா? ஏழு விரல் எங்கே, எட்டு விரல் எங்கே என்றுதானே கேட்போம்.

"உங்கள் தேசிய நாள், மே பதினேழாம் திகதி, பிள்ளைகள் கொடி பிடித்துக்கொண்டு ஹுர்ரா என்று கத்துகிறார்கள். அந்த நேரம் ஒருவர் ஓடிவந்து, சத்தம் போட வேண்டாம், அயலவர் நித்திரை என்று வாயைப் பொத்தினால் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"அப்படிச் செய்தால் பிறகு மே பதினேழு எதற்கு?" என்றாள்.

"பிறந்தநாள் கேக்கில் மெழுகுதிரியை ஊதி அணைத்ததும் மின்சாரக்காரரைக் கூப்பிட்டால்?"

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது நல்லது. என்னுடைய பழைய தட்டு அடுப்பில் அரை லீற்றர் பாலை வைத்தேன். பொங்கியது. வழிந்தது. புகைந்தது. நான் அசையாமல் நின்றேன். கரோலினா பதறிக் கையை நீட்டியவள், என் முகத்தைப் பார்த்துக் கையை மடக்கிக்கொண்டாள். பிறகு மெல்ல, "இதற்காகவா காத்திருந்தீர்கள்?" என்று கேட்டாள்.

"இதற்காகத்தான்."

விபத்து வெட்டப்பட்டது. பால் வழிவதுதான் இனி நிகழ்ச்சியின் உச்சம். தம்பி, இந்த எழுபது வயதில் நான் லிப்டில் தனியாக நின்று கை தட்டினேன்.

படப்பிடிப்பு 19 நவம்பர், ஸ்ரூடியோவில். ஒளிபரப்பு தை மாதம்.

அக்கா


வார்டோ
12 நவம்பர் 2024

ஆசிரியர் அவர்களுக்கு,

மே பதினேழு உதாரணம் நல்லது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் படப்பிடிப்பு எந்தத் திகதி என்று எழுதியிருக்கிறீர்கள்? நவம்பர் 19. என்ன தமிழ் மாதம்? கார்த்திகை. எந்த இடம்? யன்னல் இல்லாத ஸ்ரூடியோ. சூரியன் எங்கே? விளக்கு.

நான் சூரியன் வந்த பிறகு பொங்கினேன், ஒரு கிழமை பிந்தி. நீங்கள் சூரியனே இல்லாமல் இரண்டு மாதம் முந்திப் பொங்கப் போகிறீர்கள். எங்கள் இரண்டு பேரில் யாருக்குக் கலண்டர் தேவை?

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய கலண்டரிலிருந்து நான் கிழித்த முதல் தாள். நவம்பர் 19. முன்னும் பின்னும் பார்த்தேன். பொங்கல் என்று எங்கும் போடவில்லை.

நான் வாசித்துக் காட்டியபோது புஷ்பராணி, "இந்த வயசிலயும் ரெண்டு பேரும் பேய்க்கூத்து" என்றாள். ஆனால் சிரித்தாள்.

சோதிலிங்கம்


வெஸ்ட்லி
22 நவம்பர் 2024

தம்பி,

தாள் கிடைத்தது.

படப்பிடிப்பு முடிந்தது. எல்லாம் நல்லபடி நடந்தது. ஹன்னாவுக்கு நானே சேலை உடுத்திவிட்டேன், பச்சைச் சேலை. கொன்ராட்டுக்கு ஒரு சால்வை. பானையில் மஞ்சளிலையும் இஞ்சியிலையும் கட்டினேன். கரும்பு தமிழ்க் கடையில் கிடைத்தது. பால் பொங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குக் கொஞ்சம் தடிமனும் இருமலும். அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அக்கா


வார்டோ
30 நவம்பர் 2024

அக்கா,

இங்கே ஒரு கிழமையாகச் சூரியன் இல்லை. இனித் தை மாதம்தான்.

உங்கள் கடிதத்தைப் புஷ்பராணியிடம் கொடுத்தேன். அவளும் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நின்றோம்.

அம்மா பொங்கினால் முதல் கேள்வி என்ன? பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் கேட்பது என்ன? நீங்கள் ஒஸ்லோவுக்கு வந்த முதல் வருடம் எனக்கு எழுதிய கடிதத்தில் முதல் வரி என்ன? "தம்பி, இந்த முறை கிழக்குப் பக்கம் வழிந்தது" என்று. முப்பது வருடம் ஒவ்வொரு தையிலும் அதைத்தான் எழுதினீர்கள். சேலையின் நிறத்தை எழுதியதில்லை.

இந்தக் கடிதத்தில் சேலையின் நிறம் இருக்கிறது. பால் எந்தப் பக்கம் வழிந்தது?

சோதி


வெஸ்ட்லி
8 டிசெம்பர் 2024

தம்பி,

ஒரு பக்கமும் வழியவில்லை.

ஸ்ரூடியோவில் தீ மூட்ட விடமாட்டார்கள். இன்டக்ஷன் அடுப்பு வைத்திருந்தார்கள், கண்ணாடி போல வழுவழுப்பாக. பால் பொங்கி வந்தது. விளிம்பைத் தாண்டி முதல் சொட்டு அடுப்பின் பொத்தானில் பட்டது. கீச், கீச், கீச் என்று மூன்று தரம் கத்திவிட்டு அடுப்பு தானாக அணைந்தது. பால் கீழே இறங்கிப் படுத்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தோம். மறுபடியும் அதே. நாலு தரம். நான் கதைவசனத்திலிருந்து வெட்டி எறிந்த ஹன்னாவின் வேலையை அந்த அடுப்பு செய்துகொண்டிருந்தது.

நேரம் முடிகிறது என்றார்கள். பொருட்களுக்குப் பொறுப்பானவர் ஒரு வாளியில் சோப்பு நுரை அடித்துக்கொண்டு வந்தார். "கமராவில் வித்தியாசம் தெரியாது" என்றார். கரோலினா என்னைப் பார்த்தாள். முடிவை என்னிடம் விட்டாள். நான் தலையாட்டினேன்.

பானையிலிருந்து சோப்பு வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து கை கழுவினேன். வாசம் எலுமிச்சை.

சபையில் வைத்து உன்னைத் திகதி தெரியாதவன் என்றேன். சரியான திகதி தெரிந்த நான் கார்த்திகையில் சோப்புப் பொங்கினேன். நீ பொங்கியது உண்மையான பால், உண்மையான சூரியன், உண்மையான நாள். அன்றைக்கு நான் சொன்னது பகிடி இல்லை, தம்பி. பெரிய மனுசித்தனம். மன்னித்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்றே கரோலினாவைக் கூப்பிட்டு, அந்தக் காட்சியைப் போடக் கூடாது என்று சொன்னேன். "சிவமலர், இப்போதா?" என்றாள். பிள்ளைக்குப் பிழையான கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால், அடுத்த நாள் வகுப்பில் அழித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டும், வேறு வழி இல்லை என்றேன். அவள் இரண்டு நாள் எடுத்தாள். மேலிடத்தில் என்ன கதைத்தாளோ தெரியாது. ஒரு காலைப் பொழுது தந்திருக்கிறார்கள். ஜனவரி 14, தை முதலாந் திகதி. ஒரு கமரா, ஒரு மணித்தியாலம். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் பிள்ளைகள் சறுக்குகிற மேட்டில். சூரியன் ஒன்பது ஐந்துக்கு. பால் பொங்காவிட்டால் நாலாம் பகுதியே இல்லை. அதற்குப் பதிலாகப் பழைய அமெரிக்க வான்கோழி நிகழ்ச்சி ஒன்றை மறுபடி போடுவார்கள். சாருகா இதுவரை எட்டுப் பேரிடம் சொல்லிவிட்டாள், பொங்கல் வருகிறது என்று.

நேற்று ஒத்திகை பார்த்தேன். மைனஸ் ஒன்பது. முகாம் போகிறவர்கள் கொண்டுபோகிற சின்னக் காஸ் அடுப்பு. நாற்பது நிமிடம் நின்றேன். பால் கைச்சூட்டைத் தாண்டவில்லை. நெருப்பு நீலமாகச் சுருண்டு அணைந்துவிட்டது.

வார்டோக் காற்றில், தை மாதத்தில், கடற்கரையில் நீ எப்படிப் பொங்குகிறாய்? இந்த முறை தொலைக்காட்சிக்காகக் கேட்கவில்லை. எனக்குத் தெரியாது, அதனால் கேட்கிறேன்.

அக்கா


வார்டோ
16 டிசெம்பர் 2024

அக்கா,

நீ சோப்புக் கதையை எழுதாமல் விட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும். எழுதினாய். அது போதும். மற்றதை விடு.

இப்போது கவனமாக வாசி. சின்ன டப்பாவில் இருப்பது பியூட்டேன். பூச்சியத்துக்குக் கீழே போனால் அது எழும்பாது. புரொப்பேன் சிலிண்டர் வாங்கு. அது இந்த நாட்டில் எந்தக் குளிருக்கும் எழும்பும். முதல் வருடம் நானும் உன்னைப் போல நாற்பது நிமிடம் நின்றேன், புஷ்பராணி கார் கண்ணாடிக்குள்ளால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மண்பானை வேண்டாம். குளிரில் இருந்து நெருப்புக்குப் போனால் வெடிக்கும். எனக்கு இரண்டு வெடித்தன. சில்வர் பானை எடு. வீட்டுக்குள்ளே சூடாக வைத்து, போர்வையால் சுற்றிக் கொண்டுபோ. பாலையும் வீட்டில் கொஞ்சம் சூடாக்கு. சூரியன் குறைநினைக்காது.

அடுப்பைப் பனியில் நேரே வைக்காதே. பனி உருகும், அடுப்பு சரியும். கீழே பலகை போடு.

கோலம்: வெள்ளைப் பனியில் அரிசிமாவால் கோலம் போட்டால் யாருக்குத் தெரியும்? நாங்கள் குரக்கன் மாவால் போடுகிறோம். மண்ணிறமாக வடிவாகத் தெரியும்.

காற்றுக்கு ஒரு தகட்டு வளையம் செய்து வைத்திருக்கிறேன். பக்டரியில் கழித்துவிட்ட மீன் தொட்டியில் வெட்டியது. அடுப்பைச் சுற்றி நிற்கும். நாளைக்கு உனக்குப் பொதி போடுகிறேன். நன்றாகக் கழுவினேன், ஆனாலும் கிட்ட முகர்ந்து பார்க்காதே. எனக்குத் தை எட்டுக்குத்தான் தேவை. பொங்கி முடித்த உடனே திருப்பி அனுப்பு.

ஒரு நிபந்தனை. வழிந்த பக்கத்தை எழுத வேண்டும். எந்தப் பக்கமென்றாலும் உண்மையை எழுது.

தம்பி


வெஸ்ட்லி
15 ஜனவரி 2025

தம்பி!

வடக்கு!

முதல் வரியில் எழுதிவிட்டேன். இனி ஆறுதலாகச் சொல்கிறேன்.

மைனஸ் பதினொன்று. இருட்டோடு இறங்கினோம். சாருகாவின் அப்பா சிலிண்டரைப் பிள்ளைகளின் சறுக்குவண்டியில் வைத்து இழுத்து வந்தார். பானை என் கம்பளிப் போர்வைக்குள் குழந்தை போல இருந்தது. நான் குரக்கன் மாவால் கோலம் போட்டேன். மாடிகளில் யன்னல்கள் ஒவ்வொன்றாக வெளித்தன. சனம் வரத் தொடங்கியது. சோமாலியப் பெண்கள், பக்கத்துக் கட்டடத்துப் போலந்துக்காரர், நாயோடு ஒரு நோர்வே கிழவர். நாற்பது பேராவது இருக்கும். உன் தகட்டு வளையத்தை விட்டு நாய் அசையவில்லை.

குளிரில் கமராவின் மின்கலம் இறந்தது. கமராக்காரர் மற்றதை உடம்புச் சூட்டில், கமக்கட்டுக்குள் வைத்திருந்தார். "இது ஒன்றுதான் மிச்சம்" என்றார். கொன்ராட்டின் சொண்டு விறைத்து மூட முடியாமல் போய்விட்டது. ஹன்னா அதன் வாய்க்குள் ஊதிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது ஐந்து. கிழக்கில் காடு மறைத்தது. சூரியன் இல்லை. ஒன்பது பத்து, பால் எழும்பிப் பிறகு இறங்கியது. கரோலினா மணிக்கூட்டைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். புரொப்பேன் உறுமிக்கொண்டிருந்தது. உன் வளையத்துக்குள் நெருப்பு ஆடவே இல்லை. ஒன்பது இருபதுக்குக் காட்டு மரங்களுக்கு மேலே ஒரு ஊசி வெளிச்சம். சாருகா, "ரீச்சர், வருது!" என்று கத்தினாள். எது வருகிறது என்று பார்க்கிறேன், இரண்டும் வந்தது. பால் விளிம்பில் குடைபோல எழுந்து நின்றது. ஒரு கணம். பிறகு வழிந்தது. வளையத்தில் பட்டுச் சீறியது. அடுப்பு அணையவில்லை! யாரும் துடைக்கவில்லை! "பொங்கலோ பொங்கல்!" என்று நான் கத்த, நாற்பது பேரும் கத்தினார்கள். ஹன்னா தன் வசனம் முழுவதையும் மறந்து அதையே கத்தினாள். நாயும் குரைத்தது.

வடக்குப் பக்கம் வழிந்தது, வடிவாக, ஒரே தாரையாக. உண்மையை எழுது என்றாய், எழுதுகிறேன். பலகையின் வடக்கு ஓரத்துக்குக் கீழே பனி கொஞ்சம் உருகியிருந்தது. கணக்கு ரீச்சருக்கு அது தெரியும். ஆனாலும் வடக்கு வடக்குத்தான்.

பிறகு ஒன்று செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். கரோலினா கமராவுக்கு முன்னால் அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேட்டாள். சூரியனே வராத ஊரில் என்ன செய்வார்கள்? நான் சொன்னேன்: "வார்டோவில் என் தம்பி இருக்கிறான். அவன் சூரியன் திரும்பி வரும்வரை காத்திருந்து பொங்குவான். முன்பு ஒருநாள் அதற்காக நான் அவனை முந்நூறு பேருக்கு முன்னால் பகிடி பண்ணினேன். நான் பார்த்தது கலண்டரை. அவன் பார்த்தது சூரியனை. இன்றைக்கு இந்தப் பால் பொங்கியது அவன் சொல்லித் தந்தபடி, அவன் அனுப்பிய தகட்டுக்குள்."

முந்நூறு பேருக்கு முன்னால் சொன்னதை மூன்று பேருக்கு முன்னால் திருப்பி எடுக்க முடியாது. அதனால் நாடு முழுவதற்கும் முன்னால் எடுத்தேன். உனக்கு விருப்பமில்லை என்றால் இன்றே சொல், வெட்டச் சொல்கிறேன். விருப்பம் என்றால் கரோலினா உன்னிடம் வர வேண்டுமாம். கமராவோடும் கொன்ராட்டோடும், பீரங்கி நாளுக்கு. தகட்டு வளையத்தையும் அவளிடமே கொடுத்துவிடுவேன்.

அக்கா


வார்டோ
22 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று நீ தொலைபேசி எடுத்தபோது, கரோலினா வரட்டும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். இணைப்புச் சரியில்லை என்று நினைத்திருப்பாய். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

நேற்று பீரங்கி வெடித்தது. முதல் நாள் முகில், நேற்றுத்தான் முழு வட்டமும் தெரிந்தது. பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகள் நேரே கடற்கரைக்கு வந்துவிட்டார்கள், கையில் சூரியன் வரும் நாளுக்குச் சுடுகிற இனிப்புப் பணிஸ். கரோலினா இரண்டு காற்சட்டைக்கு மேல் இன்னொரு காற்சட்டை போட்டிருந்தாள். காற்று கொன்ராட்டின் சால்வையைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. புஷ்பராணி தன் கம்பளித் தொப்பியை அதன் தலையில் மாட்டிவிட்டு, "இனி நீ எங்கட ஆள், ஒருத்தரும் உன்னைத் தொடமாட்டினம்" என்று தமிழிலேயே சொன்னாள். நிகழ்ச்சியின் கடைசி வசனம் அதுதானாம். எழுதி வைத்த வசனத்தைக் கரோலினா கிழித்து எறிந்தாள்.

கமராவில் என்னிடம் கேட்டாள், "அக்காவை மன்னித்துவிட்டீர்களா?" என்று. நான், "அவவுக்கு இப்பதான் புரொப்பேன் பற்றித் தெரிய வந்திருக்கு, போகப் போகப் பாப்பம்" என்றேன். வெட்டாமல் போடுவார்கள் என்று நம்புகிறேன்.

உன் கலண்டரிலிருந்து இரண்டாவது தாளைக் கிழித்தேன். ஜனவரி 21. பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: நாலு பக்கமும். காற்று அப்படி.

தம்பி


வெஸ்ட்லி
27 ஜனவரி 2025

தம்பி,

தாள் வந்தது. நவம்பர் பத்தொன்பதுக்குப் பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன், ஒன்று வெட்கத்துக்கு, ஒன்று பெருமைக்கு.

சனிக்கிழமை நிகழ்ச்சியைச் சாருகா வீட்டில் பார்த்தோம். பதினேழு பேர், ஒரு சோபா. உன் புரொப்பேன் பதிலுக்கு வீடே அதிர்ந்தது. பால் வழிந்தபோது சாருகா தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை, எங்கள் முகங்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "ரீச்சர், இப்ப ரிவிக்குத் தெரியும்."

இன்று காலை கரோலினா எடுத்தாள். அடுத்த தையிலும் பொங்கல் போடுவதாக முடிவாம். ஒருமுறை போட்டால் விருந்து, வருடா வருடம் போட்டால்தான் பெருநாள் என்று நான் முன்பு ஒருநாள் சொன்னதை மேலிடத்தில் அப்படியே ஒப்புவித்தாளாம்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. நிகழ்ச்சியில் நான் பிள்ளைகளுக்கு ஒன்று செய்து பார்க்கச் சொன்னேன் அல்லவா? இரண்டு நாளில் நூற்றுக்கணக்கில் படம் வரைந்து அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பானை, ஒரு அம்புக்குறி. பேர்கனில் ஒரு பையனுக்கு யன்னல் பக்கம். துரொண்ட்ஹைமில் இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பக்கம் வரைந்து சண்டை பிடித்திருக்கிறார்கள். ஒரு சிறுமி, "எங்கள் அடுப்பு மூன்று தரம் கத்தியது. நாங்கள் துடைத்துவிட்டு நாலாம் தரமும் வைத்தோம்" என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு நானே கைப்பட ஒரு கடிதம் போட்டேன்.

நீயும் புஷ்பராணியும் நாளைக்கும் செய்யுங்கள், தை மாதம் இன்னும் முடியவில்லை. பிள்ளைகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ஒரு சின்னச் சட்டியில் பாலை வைத்து, அது எழும்பி வரும்போது அடுப்பை அணைக்காமல் பக்கத்தில் நின்று, எந்தப் பக்கம் வழிகிறது என்று பாருங்கள்.

அக்கா